ஏழாம் எண் வீட்டின் கூச்சம்

புகழ்ந்து பேசினால் ஏழாம் எண் வீடு ஒரு சாண் சுருங்கும். கட்டியபோது அதில் மூன்று படுக்கையறைகள் இருந்தன. பதினோரு வருடமாக வீட்டுத் தரகர்கள் ஆள் கூட்டி வந்து நல்ல காற்றோட்டம், நல்ல வெளிச்சம் என்று வாய் வலிக்கப் புகழ்ந்ததில், ஒரு படுக்கையறை வாளி வைக்கும் மூலையாகிவிட்டது. கூடத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். தரகு அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த வீட்டுச் சாவியைத்தான் முதலில் கொடுப்பார்கள். மூன்று மாதத்தில் விற்றால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் சாவியை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அந்த வருடம் சாவி வாங்கியவளுக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, இயந்திரமே பேசத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். கணவர் தையல்காரர், ரெடிமேட் கடைகள் வந்த பிறகு அவர் மெஷின் பாதி நாள் சும்மா கிடந்தது. இந்த வேலையும் போனால் குடும்பம் திண்டாடிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் ‘புதுசு’ என்றே கூப்பிட்டார்கள். முதலாளி கொடுத்த பன்னிரண்டு பாராட்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்து, அந்த டெலிபோன் குரலில் அவள் அத்தனை இனிமையாகச் சொன்னதில், ஒரே மாதத்தில் சமையல்மேடை சுவருக்குள் போய்விட்டது.

இரண்டாம் மாதக் கடைசியில் நிலைப்படி தலையில் இடித்து அவளுக்குப் பொறுமை போனது. கணவரைத் திட்டும் அதே குரலில் வீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? வெயில் அந்தப் பக்கம் வருது, நீ ஜன்னல இந்தப் பக்கம் வெச்சிருக்க. இப்படியே இருந்தா உன்ன யாரு சீந்துவா?”

நிலைப்படி ஒரு சாண் உயர்ந்தது. புதுசு ஆச்சரியப்படவில்லை, அவள் கணவரும் அந்த ரகம்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் போய், கூட்டிப் பெருக்கியபடியே வாயார வைதாள். மூன்றாம் மாதம் முடிவதற்குள் மூன்று படுக்கையறைகளும் திரும்பி வந்தன.

கடைசி நாளில் பள்ளி பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். புதுசு வாசலிலேயே குறைகளை ஒப்பித்துவிட்டாள். அப்படியும் டிரைவரின் மனைவி சமையலறையைப் பார்த்ததும் மனம் தாங்காமல், ரொம்ப அழகான வீடு என்று சொல்லிவிட்டார். சுவர்கள் நெருங்கி வந்தன. நடைவழியில் நின்ற டிரைவரின் தொப்பை மாட்டிக்கொண்டது. எல்லாம் போச்சு என்று புதுசு நினைக்கும்போதே, அந்த அம்மாள் பதறிப் போய்க் கணவரைப் பிடித்து இழுத்தார்.

“அளவா சாப்பிடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? உங்கள வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?”

அந்தக் குரலைக் கேட்டதும் சுவர்கள் விலகின, முன்பிருந்ததைவிட இரண்டு சாண் கூடுதலாகவே. புதுசு இனி மறைக்க ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொன்னாள். இந்த வீட்டுக்குக் கூச்ச சுபாவம், பாராட்டக் கூடாது, பாசமாகத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். டிரைவரின் மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவ்வளவுதானே?” என்றார்.

பத்திரம் எழுதுபவர் பரப்பளவுக்கு முன்னால் ‘சுமார்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். டிரைவர் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். திட்டுவதற்கு ஆள் கூடக் கூட, வீட்டில் இப்போது ஐந்து படுக்கையறைகள். வரி போடுபவர் வருடா வருடம் வந்து புதிதாக அளந்துவிட்டுப் போகிறார். இருபத்திரண்டு வருடம் கழித்து, அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவளாக உட்கார்ந்திருப்பவளின் பெயர் இன்றும் புதுசுதான்.

முதல் வீட்டை விற்ற அன்று மாலை அவள் விஷயத்தைச் சொன்னதும், தையல்காரர் மெஷினை நிறுத்தினார். கல்யாணமாகி முதல்முறையாக, நீ கெட்டிக்காரி என்றார். அவள் ஒரு அங்குலம் குறைந்துபோனாள். அவர் நாடாவை எடுத்து அவளை நிற்க வைத்து அளந்து, மறுநாள் வேலைக்குப் போட்டுப் போக வேண்டிய உடுப்பின் ஓரத்தை ஒரு அங்குலம் மடித்துத் தைத்துக் கொடுத்தார்.