கூடம் நிறைய அடுப்பு

தெருவில் அவருக்கு ‘வரலாறு’ என்று பெயர். உப்பு வாங்கப் போனால்கூட உப்பு எப்படி உலகத்துக்கு வந்தது என்று ஆரம்பித்துவிடுவார் என்பதால் மளிகைக்கடைக்காரர் வைத்த பெயர். ஒட்டிக்கொண்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மனுஷன் அடுப்பின் வரலாற்றில் இறங்கினார். இறங்கினவர் கரையேறவில்லை.

கூடம் முழுக்க அடுப்பு. கரி அடுப்பு, மரத்தூள் அடுப்பு, திரி ஸ்டவ், பம்ப் ஸ்டவ், சுருள் கம்பி ஹீட்டர், கதவு மூடாத ஓவன், பீரோ சைசுக்கு ஆதிகால மைக்ரோவேவ் ஒன்று. டிவி பார்க்க வேண்டுமானால் இரண்டு ஓவன்களுக்கு நடுவே கழுத்தை நீட்ட வேண்டும்.

அவர் மனைவி தையல்காரி. அவளுடைய மிஷின் குளியலறைக்குப் போகிற வழியில், சுவரோடு ஒண்டிக் கிடந்தது. அளவு கொடுக்க வந்த ஒருத்தியின் துப்பட்டா பம்ப் ஸ்டவ்வில் மாட்டிக் கிழிந்த பிறகு, அந்தப் பெண் தெருமுனைத் தையல்கடைக்கு மாறிவிட்டாள். தையல் கற்றுக்கொள்ள நாலைந்து பெண்கள் தயாராக இருந்தார்கள். அவர்களை எங்கே உட்கார வைப்பது, ஓவனுக்குள்ளேயா?

அதனால்தான், அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார், பிடித்திருந்தால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார் என்று தெரிந்ததும், கணவரைவிட அவளுக்குத்தான் கால் தரையில் பாவவில்லை.

“பளபளன்னு இருக்கணும். வர்றவர் அசந்துடணும்,” என்றார் வரலாறு.

அவர் மேற்பார்வை பார்க்க, அவள் தேய்த்தாள். கரி போயிற்று, எண்ணெய்ப் பிசுக்கு போயிற்று. மரத்தூள் அடுப்புக்கு வெள்ளிப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது அவருடைய சொந்த யோசனை. அடித்து முடித்து, தூர நின்று ரசித்தார்.

அதிகாரி வந்தார். கழுத்தில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. வரலாறு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மனிதன் நெருப்பை அடக்கிய அந்த நாளில்...” என்று தொடங்கினார். அதிகாரி வெள்ளி அடுப்பை விரலால் தடவி, விரலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“சார், இதுல யாராவது சமைச்சிருக்காங்களா?”

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எத்தனையோ குடும்பம் சாப்பிட்டிருக்கு.”

“அதுக்கு அடையாளமே இல்லையே. பயன்பாட்டின் தடயம்னு சொல்லுவோம். இதையெல்லாம் வச்சா, வர்றவங்க விலை கேப்பாங்க.”

தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. கூடம் கைக்கு வந்து நழுவுகிறது, அதுவும் அவளே தேய்த்துத் தேய்த்து நழுவவிட்டது. எப்படியாவது வந்தவரைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம் என்று டீ போடப் போனாள்.

“குடிக்கத் தண்ணி கிடைக்குமாம்மா?” என்று பின்னாலேயே வந்த அதிகாரி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் தினம் சமைக்கும் கேஸ் அடுப்பு. பொங்கி வழிந்த பால் கெட்டிப்பட்டுக் கறுத்திருந்தது. ஒரு திருகு போய், அந்த இடத்தில் இடுக்கி கவ்விக்கொண்டிருந்தது. ஒரு கால் உடைந்ததற்கு நூல்கண்டுக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தது.

“அம்மா,” என்றார் அதிகாரி, கோயிலுக்குள் பேசுகிற குரலில், “இதைத் துடைச்சிடாதீங்க.”

“ஐயோ, இன்னிக்கு நேரமில்ல சார், அதான்.”

“இதான் வேணும். இந்த இடுக்கியோட.”

வரலாறு ஓடி வந்தார். “சார், அது சேகரிப்புலயே இல்ல. அது சும்மா எங்க வீட்டு அடுப்பு.”

“அதனாலதான் சார் கேக்கறேன்.”

தையல்காரி டீயை இறக்கிவைத்தாள். துணி வெட்டுவதற்கு முன் அவளுக்கு வருகிற நிதானம் வந்தது.

“இது தனியா வராதுங்க. கூடத்துல இருக்கறது அத்தனையும் சேர்ந்துதான் வரும்.”

“அதை வச்சு நாங்க என்னம்மா பண்றது?”

“கழுவாம வைங்க. நாலு வருஷத்துல தூசி படிஞ்சிடும்.”

அதிகாரி இடுக்கியைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், மறுபடி இடுக்கியைப் பார்த்தார். “கிடங்குல போட்டுக்கலாம்,” என்றார் ஒருவழியாக. “அடுப்புப் பக்கத்துல வைக்கிற பலகையில யார் பேரை எழுதறது?”

வரலாற்றின் முகம் தொங்கிக் கிடந்தது. இத்தனை வருஷம் அந்த ஒரு பலகைக்காகத்தான் மனுஷன் ஊர் ஊராகப் பழைய இரும்புக் கடை ஏறி இறங்கினார். அவளுக்கே பாவமாகப் போய்விட்டது.

“அவர் பேரையே போடுங்க சார். எனக்கு இடம் போதும்.”

அன்றைக்கே வண்டி வந்து எல்லாம் ஏறிப் போனது. பெயர்ப்பலகை நிச்சயமானதும் வரலாறும் தெம்பாகி, ஏற்றுகிறவர்களிடம் ஓவனின் பிறப்பு வளர்ப்பைச் சொல்லி வேலையைத் தாமதப்படுத்தினார். அவள் மிஷினை இழுத்து வந்து ஜன்னலோரம் போட்டாள். வெளிச்சம் நேராக ஊசியில் விழுந்தது. மிதித்துப் பார்த்தாள்.

வண்டியை வழியனுப்பிவிட்டு வந்தவர் சமையலறையை எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, சாப்பாட்டுக்கு என்ன பண்றது?”

“நீங்கதான் சொல்லணும்ங்க. அடுப்பு வர்றதுக்கு முன்னாடி மனுஷங்க என்ன சாப்பிட்டாங்க?”

வரலாறு வாயைத் திறந்தார். இதற்கு அவரிடம் ஒரு மணி நேரப் பேச்சு இருந்தது. ஆனால் பசி.

“பச்சையா,” என்றார்.

“கூடையில கேரட் இருக்கு. எனக்கும் ரெண்டு சீவிடுங்க,” என்று சொல்லிவிட்டு, அவள் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள்.