பாதிப் பதில்

திங்கள், புதன், வெள்ளி. நாளுக்கு நான்கு மணி நேரம். மூன்று வருஷம் விடாமல் இப்படிச் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிகூட இருக்க மாட்டார்கள். டயாலிசிஸ் பிரிவில் நான்காம் நம்பர் கட்டிலில் படுத்திருக்கும் ரிட்டையர்டு பஸ் மெக்கானிக்கும், அவருக்கு ஊசி குத்தி மெஷினைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனும் போட்டார்கள். சொத்துச் சண்டை இல்லை. கிருபைச் சண்டை.

இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தான். அதுதான் வம்பே. மெக்கானிக் போகிற சபையில், மனுஷன் மனம் வைத்தால்தான் ரட்சிப்பு என்பார்கள். டெக்னீஷியன் சபையில், யாரை ரட்சிப்பது என்று உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தேர்ந்தெடுத்துவிட்டார், மனம் வைக்கிற மனமே அவர் கொடுத்தால்தான் வரும் என்பார்கள். அங்கே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேள்வி நேரம் ஒன்று உண்டு. பதில் சொல்கிற வேலை டெக்னீஷியன் தலையில் விழுந்திருந்தது. அங்கேயும் இதே கேள்விகள், வீட்டுக்கு மச்சான் வந்தால் இதே கேள்விகள், வேலைக்கு வந்தால் நான்காம் நம்பர் கட்டிலில் இதே கேள்விகள். நாற்பத்தொரு வயதுக்குள் அவனுக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது.

"அப்போ நாமெல்லாம் என்ன பொம்மையா தம்பி?" என்று ஆரம்பிப்பார் மெக்கானிக்.

"பொம்மைக்கு ஆசை கிடையாதுண்ணே. நமக்கு இருக்கு. நம்ம ஆசைப்படிதான் நாம நடக்கறோம். அந்த ஆசையே ஒரு பக்கமா இழுக்குது, அதான் கோளாறு. ஸ்டியரிங் இழுக்கிற பஸ்ஸை நீங்க பார்த்ததில்லையா?"

"ஏன் பார்க்கலை? டிரைவர் அழுத்திப் பிடிச்சா நேராப் போகும்."

"டிரைவரே தூங்கிட்டாருன்னா?"

"சும்மா வாயை அடைக்காதே. சரி, சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக்கிட்டா மத்தவங்களுக்கு அது அநியாயம் இல்லையா?"

"நியாயம்னு பார்த்தா நம்மள்ல ஒருத்தரும் தேற மாட்டோம்ணே. எனக்கும் குடுன்னு யாரும் உரிமையோட கேட்க முடியாததுக்குப் பேர்தான் கிருபை."

ஒருநாள் டெக்னீஷியன் மெஷினைக் காட்டியே அவரை மடக்கப் பார்த்தான். "உங்க ரத்தத்தைச் சுத்தம் பண்றது யாரு, நீங்களா?"

"மெஷின்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"கையை நீட்டறேன்."

"அவ்வளவுதானே?"

மெக்கானிக் விடுவாரா? "அவ்வளவுதானேவா? கையை நீட்டறதுக்கு இங்க வந்து சேரணும்ல? ரெண்டு பஸ் மாறி வர்றது யாரு, உன் மெஷினா?"

மற்ற கட்டில்காரர்களெல்லாம் சிரித்தார்கள். இரண்டாம் நம்பர் தையல்கார அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

அந்த அம்மாதான் போன ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். திங்கட்கிழமை காலையில் இரண்டாம் நம்பர் கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. டெக்னீஷியன் ஆள் பற்றாக்குறையால் முந்தின நாள் ஆராதனைக்குக்கூடப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவன். கண் எரிந்தது. கால் தன்னுடையது மாதிரியே இல்லை. ஊசி குத்தி முடித்தபோது மெக்கானிக் காலிக் கட்டிலைப் பார்த்தபடி கேட்டார். "எல்லாம் முன்னாடியே முடிவாயிடுச்சுன்னா, நான் இப்படி வந்து வந்து படுக்கிறதுல என்ன தம்பி இருக்கு?"

நூறு தடவை பதில் சொன்ன கேள்வி. முடிவை வைத்தவர் அதற்குப் போகிற வழியையும் வைத்திருக்கிறார், நம் நாட்களை எண்ணினவர் மருந்தையும் மெஷினையும் பஸ்ஸையும் சேர்த்தேதான் எண்ணியிருக்கிறார், ஆகவே ஒழுங்காக வாருங்கள் என்று முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அன்றைக்கு அவனிடம் தெம்பில்லை.

"உங்க நாள் எத்தனைன்னு அவருக்குத் தெரியும்ணே. நீங்க வந்தாலும் வராட்டியும் அதுல ஒரு நாள் கூடப்போறதில்லை, குறையப்போறதில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான்.

மெக்கானிக் எதிர்த்துப் பேசவில்லை. அப்பாடா, ஒருநாளாவது வாயை மூடினாரே என்று இவனுக்கு நிம்மதி. எப்பேர்ப்பட்ட மடத்தனம்!

புதன்கிழமை அவர் வரவில்லை. போன் பண்ணிக் கேட்ட நர்ஸிடம், ஜலதோஷம், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து சட்டை மாற்றும்போது அவர் மனைவி போன் செய்தாள்.

"வர மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கிறார் தம்பி. மூச்சு வாங்குது. கேட்டா, வந்தாலும் வராட்டியும் ஒண்ணுதான்னு நீங்களே சொன்னீங்களாம்."

இந்த உபதேசத்துக்காக எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறான்! கடைசியில் எதிராளிகள் எதைச் சொல்லி இதைப் பழிப்பார்களோ அதையே தன் வாயால் சொல்லி, ஒரு மனுஷனைச் சாவுக்கு அனுப்பிவிட்டானே. டாக்டருக்குப் போன் போட்டு, ஒரு மெஷினை அவருக்காக ஒதுக்கி வைக்கச் சொன்னான். டாக்ஸி பிடித்தான்.

வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. மெக்கானிக் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கால் இரண்டும் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன.

"வா தம்பி. இன்னிக்குச் சனிக்கிழமை. என் முறை இல்லையே."

"அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது பாதிதான்."

"தெரியும். மிச்சப் பாதி எனக்கு மனப்பாடம். வழியையும் அவர்தான் வச்சிருக்கார், மெஷினையும் அவர்தான் வச்சிருக்கார். அதானே?"

"தெரிஞ்சுமா வரலை?"

"பாதியே போதும்னு தோணிடுச்சு." அவர் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். "அலுத்துப்போச்சு தம்பி."

"எனக்கும்தான்ணே" என்றான் டெக்னீஷியன். அப்படிச் சொல்ல அவன் நினைக்கவே இல்லை. உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் மெக்கானிக். "உன்கிட்ட ஏன் மூணு வருஷம் மல்லுக்கட்டினேன் தெரியுமா? ஒருவேளை நீ சொல்றதே நிஜமா இருந்து, அந்த லிஸ்ட்ல என் பேரு இல்லாமப் போயிட்டா? அந்தப் பயம்தான். உன்னைத் தோக்கடிச்சிட்டா நிம்மதியாத் தூங்கலாம்னு பார்த்தேன். நீயும் தோக்க மாட்டேங்கறே."

டெக்னீஷியனுக்கு அவமானமாக இருந்தது. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறான். ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரே ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

"லிஸ்ட்டைப் பார்க்கிற வேலையை அவர் நமக்குக் குடுக்கலண்ணே. வான்னு கூப்பிடறது மட்டும்தான் நம்ம காதுல விழுது. அதைக் கேட்டு வந்து நின்னவனை, உன் பேரு இல்லை போன்னு அவர் திருப்பி அனுப்பினதா எங்கேயாவது படிச்சிருக்கீங்களா?"

மெக்கானிக் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இல்லை."

"நானும் படிக்கலை. அக்கறையே இல்லாதவன் இதுக்காக மூணு வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கவும் மாட்டான். கிளம்புங்கண்ணே."

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கு. எழுந்திருக்கத்தான் மனசு வரலை."

கதவோரம் நின்றிருந்த மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "உங்க மனசை இங்க யார் கேட்டா? மனசு வர்ற வரைக்கும் காத்திருந்தா மூச்சு நின்னுடும். ரெண்டு பேரும் பேசிப் பேசி என் காது புளிச்சுப்போச்சு. நாலு நாளா முழங்கால்ல நின்னு ஜெபம் பண்றேனே நான், எல்லாம் முன்னாடியே முடிவுன்னா அது எதுக்கு தம்பி? அதையாவது சொல்லுங்க."

அதற்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. நீளமான பதில். "அதுதான் அண்ணி என்னை இங்க கொண்டுவந்து விட்டிருக்கு" என்று மட்டும் சொன்னான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ நீங்க அந்தப் பக்கம் பிடிங்க. நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்."

மெக்கானிக் முனகினார், ஆனால் தடுக்கவில்லை. கையைத் தூக்கி டெக்னீஷியன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். மூன்று மாடி. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி இறக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், "பஸ் இன்ஜினை இறக்கும்போதுகூட இவ்வளவு சத்தம் போட்டதில்லை நாங்க" என்றார் அவர். மனைவி சிரித்தாள், உடனே அழுதாள்.

டயாலிசிஸ் பிரிவில் எடை பார்த்தார்கள். உடம்பில் ஆறு கிலோ தண்ணீர் கூடியிருந்தது. எடுத்தவுடனே டாக்டர் ஒரு சத்தம் போட்டார். மொத்தத்தையும் ஒரே நாளில் இறக்கினால் இதயம் தாங்காது, பாதியை இன்றைக்கு எடுங்கள், மீதி திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டுப் போனார். டெக்னீஷியன் இரண்டு ஊசியும் குத்தினான். குழாயில் ரத்தம் சிவப்பாக ஓடத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறல் தணிந்தது, முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது.

நர்ஸ் வந்து இரத்த அழுத்தம் பார்த்தாள். "எப்படிண்ணே வந்தீங்க இந்த நிலைமையில?"

"நான் எங்கம்மா வந்தேன்? ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து போட்டாங்க. மனசுகூட இல்லை எனக்கு."

டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தான். மூன்று வருஷமாக, தன் மனசால் வரவில்லை என்கிற இந்த ஒரு வார்த்தையை அந்த வாயிலிருந்து வரவழைக்க அவன் படாத பாடில்லை. இதோ, தானாகவே வந்துவிட்டது. ஜெயித்துவிட்டான். சந்தோஷப்படத்தான் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"ஆனா ஒண்ணு" என்றார் மெக்கானிக், கண்ணை மூடிக்கொண்டே. "உன் கழுத்துல கையைப் போட்டது நான்தான். அப்படிப் போட வச்சது யாரு, நானா அவரா, சொல்லு பார்ப்போம்."

"இன்னிக்கு முடியலண்ணே."

"பாதி கீதின்னு சொல்லி ஏமாத்தக் கூடாது. முழுசாச் சொல்லணும்."

"சொல்றேன்ணே."

"அப்போ திங்கட்கிழமை சொல்லு" என்றார் மெக்கானிக். "நான் வந்துடறேன்."