எருக்கஞ்செடியில் ஒரு நூல்

தெருவில் அவரைக் காலர் என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரர். அவர் தைத்த சட்டையின் காலர் எத்தனை சலவை கண்டாலும் தலை குனியாது என்று பேர். அந்தப் பேருக்காக வீட்டார் பட்ட பாடு வீட்டாருக்குத்தான் தெரியும். எங்கே பிசிறு தொங்கினாலும் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு குட்டிக் கத்தரி. எதிரில் பேசிக்கொண்டிருப்பவரின் தோளைத் திருப்பி, தொங்கும் நூலை நறுக்கென்று வெட்டிவிட்டு, "ம், சொல்லுங்க" என்பார்.

இப்படிப்பட்டவரின் வீட்டுக் கொல்லையில் மகள் ஒரு காட்டையே வளர்த்து வைத்திருந்தாள்.

காடு என்பது அவருடைய கணக்கு. முன்பு அங்கே சிமென்ட் தரையும் துணி காயப்போடும் கொடியும் இருந்தன. மகள் சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டு, காலி மனைகளில் தானாக முளைத்துக் கிடப்பதையெல்லாம் கொண்டுவந்து நட்டாள். தும்பை, துத்தி, ஆவாரை, நடுநாயகமாக ஓர் எருக்கு. மூலையில் உடைந்த ஓடுகளை அடுக்கி அரணைக்கு ஒரு வீடு. தேனீ முங்காமல் தண்ணீர் குடிக்க, கூழாங்கல் போட்ட பழைய தட்டு.

"ஏன் பாப்பா, காசு குடுத்தா கடைல அழகழகா செடி தருவானே?"

"அது நமக்கு அழகுப்பா. இங்க இருக்கற பூச்சிக்கு அதத் திங்கத் தெரியாது. இந்த மண்ணுல முளைச்சதுதான் அதுங்களுக்குச் சோறு."

சோறு என்றால் சும்மா இல்லை. எருக்கிலையைப் புழுக்கள் சல்லடையாக்கின. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வரிவரியாகப் புழு. கோடு எல்லாம் நேராகத்தான் ஓடுகிறது என்று காலரே ஒப்புக்கொண்டார். பொத்தல் இலையைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

மகளுக்கு வேறு ஊரில், ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டத் தொடங்கியபோதே சொல்லிவிட்டாள்: "எருக்கையும் புழுவையும் என் ஃபிரண்டு வீட்டுக்கு அனுப்பிடறேன்பா. நான் அந்தப் பக்கம் போனதும் நீங்க சுத்தம் பண்றேன்னு மொட்டையடிச்சிடுவீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. மகள் போன பிறகு அந்த வீட்டில் அவளுடையது என்று மிஞ்சப்போவது அந்தக் கொல்லை ஒன்றுதான். அதையும் நம்பி விடமாட்டேன் என்கிறாளே!

"நான் கை வைக்க மாட்டேன். சத்தியமா."

"சரி, பார்க்கலாம். கிளம்பறவரைக்கும் டைம்."

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஓர் இலைக்கு அடியில் எதையோ காட்டினாள். "கூடு கறுத்துடுச்சு பாருங்கப்பா. நாளைக்கு வண்ணத்துப்பூச்சி வந்துடும்." கண்ணாடி போடாத கண்ணுக்கு எல்லா இலையும் ஒன்றுதான். "ஓ, பிரமாதம்" என்று சொல்லிவைத்தார். அவள் கடைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். கொல்லையை எட்டிப் பார்த்ததும் மோவாயில் கை வைத்தாள்.

"ஏண்டா, ஆகாதவங்கதான் உன் வீட்ல எருக்கு முளைக்கன்னு சபிப்பாங்க. நீ குழி தோண்டி நட்டு வச்சிருக்கியா? அதுவும் கந்தலும் கிழிசலுமா! நீயெல்லாம் ஒரு டெய்லரு."

முதல் பாதியை அவர் சிரித்தே விட்டிருப்பார். கடைசி வார்த்தை ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. அக்கா தெருமுனை திரும்புவதற்குள் பெரிய கத்தரி கைக்கு வந்துவிட்டது. பொத்தல் இலை, கடித்த நுனி, பாதி போன காம்பு எல்லாம் விழுந்தன. புழு இருந்த இலையை மட்டும் விட்டுவைத்தார். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கடைசியில் எருக்கு கஞ்சி போட்ட சட்டை மாதிரி நின்றது. அள்ளிச் சாக்கில் போட்டுவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் மனைவி.

"ஏங்க, அந்தக் கூடு எங்க?"

"எந்தக் கூடு?"

கேட்டவுடனேயே அவருக்கே தெரிந்துவிட்டது. 

சாக்கைக் கவிழ்த்து இருவரும் ஒவ்வோர் இலையாகப் புரட்டினார்கள். கிடைத்தது, நசுங்கவில்லை. விரல் நுனி அளவு, உள்ளே இறக்கையின் ஆரஞ்சு நிறம் மங்கலாகத் தெரிந்தது. ஆனால் தொங்கவேண்டியது படுத்துக் கிடந்தது.

"தொங்கினாத்தான் இறக்கை விரியுமாம். கிடந்தா சுருங்கிப் போயிடுமாம். உங்க பொண்ணு சொன்னா" என்றாள் மனைவி.

காலர் எழுந்தார். எருக்கம்பால் பிசுபிசுத்த கையைச் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினார். கண்ணாடியை மாட்டினார். காஜா போடும் நீலப் பட்டு நூலில் ஒரு சுருக்குப் போட்டு, கூட்டின் தலைப்பில் இருந்த மயிரிழைக் காம்பில் கோத்து, மூச்சை அடக்கி இறுக்கினார். கல்யாணக் கோட்டுக்குக்கூட அவர் இவ்வளவு மெல்ல முடிச்சுப் போட்டதில்லை. மறுமுனையை எருக்கங்கிளையில் கட்டினார். கூடு செங்குத்தாகத் தொங்கியது. முடிச்சுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு நூல் மிச்சம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"வெட்டினா ஆடும்ங்க."

கத்தரி பைக்குள்ளேயே திரும்பிப் போனது.

மகள் வந்தாள், கொல்லைக்குப் போனாள், திரும்பி வந்து பெட்டியை அடுக்கினாள். கேட்டுவிடுவாளோ என்று அவருக்குப் பயம். கேட்கமாட்டாளோ என்று அதைவிடப் பயம்.

மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டுக்குப் போக வாசலில் டாக்சி நின்றது. கூடு அப்படியே இருந்தது. அவள் எருக்கின் முன்னால் போய் நிற்க, அவர் பின்னாலேயே போனார்.

"இது யார் போட்ட முடிச்சுப்பா?"

"நான்தான் பாப்பா. வெட்டிட்டேன். அத்தை ஏதோ சொன்னா, புத்தி கெட்டுப் போச்சு. நீ ஃபிரண்டுகிட்டயே குடுத்துடு."

"நேத்தே அவகிட்டப் பேசலாம்னுதான் போனை எடுத்தேன். அவ்வளவு கோவம். அப்புறம் இதப் பார்த்தேன்." தொங்கும் நூல்நுனியைத் தொடாமல் விரலால் காட்டினாள். "நீங்க பிசிற வெட்டாம விட்டு நான் பார்த்ததே இல்லப்பா."

ஃபிரண்டுக்கு அவள் போன் பண்ணவே இல்லை, அவ்வளவுதான். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

அவள் போய்ச் சிறிது நேரத்தில் கூடு பிளந்தது. ஈரமாய், கசங்கலாய் ஒன்று வெளியே வந்து வெறுங்கூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கடையைத் திறக்காமல் அவர் நின்றுகொண்டே இருந்தார். இறக்கை மெல்ல மெல்ல விரிந்தது. தும்பைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மதில் தாண்டிப் போயிற்று. சந்தோஷமா அழுகையா என்று தெரியாமல் போனை எடுத்தார்.

"வந்துடுச்சு பாப்பா. ஒரு சுருக்கம் இல்ல. பறந்து போயிடுச்சு."

அந்தப் பக்கம் பஸ் இரைச்சலுக்கு நடுவே மகள் சிரித்தாள். "அப்ப இனி அந்த நூல நீங்க வெட்டிக்கலாம்பா."

காலர் எருக்கைப் பார்த்தார். வெறுங்கூடும் நீல நூலும் காற்றில் ஆடின.

"அது பாட்டுக்குத் தொங்கட்டும்" என்றார். "நீ வந்து வெட்டு."