கடலுக்குத் தைத்த ரவிக்கை

நாடகத்தில் கடலாக நடிக்கக் கடலே வந்துவிட்டது. அளவெடுக்கும் வேலை என்னுடையது.

நாகப்பட்டினத்தில் ஒரு நாடகக் குழுவுக்கு நான் உடை வடிவமைக்கிறேன். அசுரன், பறக்கும் குதிரை, பேசும் கடல் எல்லாம் வருகிற பழைய மாயாஜால நாடகம். கடல் வேடத்தை எப்போதும் பெர்னதெத்தான் போடுவாள். இந்த முறை இயக்குநர் தணிகைமலைக்கு யதார்த்தம் வேண்டியிருந்தது.

கடல் மாடிப்படி ஏறி வந்தது. மிதியடியில் காலைத் துடைத்தது. துடைக்கத் துடைக்கக் கால் வந்துகொண்டே இருந்தது. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தது.

இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன். முப்பத்திரண்டு. மூச்சை விட்டது. நானூறு.

"மூச்ச அடக்குங்க," என்றேன்.

"அடக்கினா மழை நின்னுடும்."

"பரவால்ல. ரெண்டு நிமிஷந்தான்."

தெருவில் போனவர்கள் குடையை மடக்கினார்கள்.

ரவிக்கைக்குக் கொக்கி முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். தனக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது என்றது கடல். எல்லாப் பக்கமும் வைத்தேன்.

பெர்னதெத் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அப்போது மீனவர் சங்கத் தலைவர் கலியபெருமாள் உள்ளே வந்தார்.

"படகெல்லாம் மணல்ல நிக்குது. கடல அனுப்புங்க."

"வசனம் மனப்பாடம் ஆகட்டுங்க," என்றார் தணிகைமலை.

கடல் வசனத் தாளைப் புரட்டியது. தாள் கூழாகிவிட்டது.

பெர்னதெத் தொண்டையைச் செருமினாள். "அங்க நான் போறேன். எனக்கு வேஷம் பழக்கந்தான்."

கலியபெருமாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நண்டு கடிக்கும்மா."

"கடிக்கட்டும்."

"அப்ப வாங்க."

இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

நாடகம் நன்றாக நடந்தது. கடல் ஒரு வசனத்தைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. மூன்றாம் காட்சியில் கொக்கிகள் தெறித்தன. முன்வரிசைக்காரர்கள் நீந்திக்கொண்டே கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்ட கடல், இனிமேல் குழுவிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டது.

விடிந்ததும் கடற்கரைக்கு ஓடினேன். பெர்னதெத் அடிவானம் வரை படுத்திருந்தாள். படகுகள் அவள்மீது போய்க்கொண்டிருந்தன. கலியபெருமாள் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கா?" என்று அவரிடம் கேட்டேன்.

"மீன் நல்லாப் படுது. அலைதான் கொஞ்சம் நடிக்கிற மாதிரி இருக்கு."

நான் தண்ணீரோரம் குனிந்தேன். "பெர்னதெத், தணிகைமலைகிட்ட சண்ட போட்டாவது ஒன் வேஷத்த வாங்கித் தரேன். எந்திரிச்சு வா."

"இருங்கக்கா, லாஞ்ச் ஒண்ணு போகுது."

லாஞ்ச் போகும்வரை காத்திருந்தேன்.

"வேணாங்க்கா," என்றாள். "இப்படிக் கால நீட்டிப் படுத்து எத்தன வருஷமாச்சு தெரியுமா?"

செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கினேன். என் முழங்காலா, அவள் முழங்காலா என்று அந்த இடத்தில் சொல்வது கஷ்டம்.