உள்ளங்கையில் நான்கு துளி

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வாசல் மணி அடித்தால்தான் ஜெயமதிக்கு அந்த வாரம் விடிந்தது என்று பொருள். மற்ற ஆறு நாட்களும் வெறும் தேதிகள்.

பிரெஞ்சு பேசும் அந்தக் குளிர் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்வீட்டில் அவள் தனியாக இருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. மட்டக்களப்பிலிருந்து கணவனோடு வந்தவள். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. காலையில் ஒரு 'பொன்ஜூர்', போகும்போது ஒரு 'மெர்சி'. நடுவில் எட்டு மணி நேரம் மெஷின்களின் இரைச்சல். மகன் கஜரூபன் கல்கரியில் இருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் வருவான். "சாப்பிட்டீங்களா அம்மா?" என்பான். "ஓம் மனே" என்பாள். என்ன சாப்பிட்டாள் என்று அவன் கேட்டதில்லை. யாரோடு சாப்பிட்டாள் என்று கேட்க அவசியமே இல்லை.

மேல்வீட்டில் சென்னையிலிருந்து வந்த ராகவும் பார்கவியும் இருந்தார்கள். ராகவுக்கு ஆற்றுக்கு அந்தப்பக்கம், லொங்குய்யில் வேலை. சனிக்கிழமையும் விடுமுறை இல்லை. பார்கவிக்கு அன்று பிரெஞ்சு வகுப்பு. ஐந்து வயது மகள் தன்வியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, ஜெயமதி கேள்வி முடியும் முன்பே தலையாட்டிவிட்டாள். காசு பற்றிப் பேச்செடுத்ததும் கோபித்துக்கொண்டாள்.

முதல்நாளே பார்கவி ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"ஆன்ட்டி, இவளுக்கு வேர்க்கடலை, முந்திரி, எள்ளு மூணும் ஆகாது. எள்ளுதான் ரொம்ப மோசம். போன வருஷம் ஐசியூ வரைக்கும் போயிட்டு வந்தோம். ஏதாவது ஆச்சுன்னா இந்த ஊசிப் பேனாவைத் தொடையில அழுத்தணும். பேன்ட் மேலேயே குத்தலாம். குத்தின உடனே 911-க்கு அடிச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்."

"நீங்க பயப்படாமப் போயிட்டு வாங்க புள்ள. நான் பாத்துக்கொள்ளுறன்."

வேலையிடத்துத் தோழி றோஸ்மேரியிடம் இதைச் சொன்னபோது அவள் மடித்த துவாயை மேசையில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எள்ளு திண்டா ஆஸ்பத்திரியா? எங்கட ஆக்களுக்கு எப்பயடி இந்த நோயெல்லாம் வந்தது? இங்க வந்து பிள்ளையளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வளக்கிறாங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தாப் பழகும், மதி."

ஜெயமதியும் சிரித்தாள். ஆனாலும் அந்த விளையாட்டுக்கு அவள் போகவில்லை. வீட்டிலிருந்த எள்ளுப் போத்தலையும் கச்சான் கடலைப் பொதியையும் மேல் அலுமாரிக்கு ஏற்றினாள். பிஸ்கட் வாங்கினால்கூடக் கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். சனிக்கிழமையை இழக்க அவள் தயாராக இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. வெளியே குளிர் மைனஸ் இருபத்திரண்டு. பூங்காவுக்குப் போக வழியில்லை. தன்வி சோபாவில் தலைகீழாகக் கிடந்து, "ஆன்ட்டி, போர் அடிக்குது" என்று நாலாவது முறை சொன்னாள்.

ஜெயமதி அதற்கும் ஆயத்தமாக இருந்தாள். கடையில் விற்கும் சத்துக் கட்டிகள் எல்லாவற்றிலும் கடலையோ எள்ளோ கலந்திருக்கலாம் என்று போட்டிருப்பதால் மகளுக்கு ஒன்றையும் வாங்க முடிவதில்லை என்று பார்கவி ஒருநாள் குறைப்பட்டிருந்தாள். வீட்டிலேயே செய்தால் என்ன? அடுப்பு வேண்டாம், கத்தி வேண்டாம், பிள்ளையே செய்யலாம். வியாழக்கிழமை கடைக்குப் போய் ஓட்ஸ், பேரீச்சம்பழம், சூரியகாந்தி விதை, தேங்காய்ப்பூ, கொக்கோத் தூள் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் திருப்பி வாசித்து வாங்கி வைத்திருந்தாள்.

"வா, உருண்டை பிடிப்பம்."

சுடுநீரில் ஊறிய பேரீச்சம்பழத்தைத் தன்வி முள்ளுக்கரண்டியால் குத்திக் குத்தி மசித்தாள். ஓட்ஸைக் கொட்டும்போது பாதி மேசையில் போனது. கொக்கோ மூக்கில் ஏறியது.

"மீசை வந்திட்டுது உனக்கு. இனி உன்ன ராகவ் எண்டுதான் கூப்பிட வேணும்."

"நோ! அப்பாக்கு மீசையே இல்ல, ஆன்ட்டி!" பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சமையலறையில் இன்னொருவர் சிரிக்கும் சத்தம் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

கலவை கையில் பசைபோல ஒட்டியது. உருட்ட உருட்டப் பிய்ந்து வந்தது. எத்தனை வருடமாக எத்தனை பலகாரம் பிடித்த கை அது! யோசிக்காமலே அடுப்புக்குப் பக்கத்திலிருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்தது. உள்ளங்கையில் நான்கு துளி விட்டுத் தேய்த்தாள். பிள்ளையின் குட்டிக் கையிலும் கொஞ்சம் தடவினாள். உருண்டைகள் பளபளவென்று வழுக்கி வந்தன.

தன்வி இரண்டைச் சாப்பிட்டாள். "ஆன்கோர்! இன்னொண்ணு!" என்று மூன்றாவதுக்குக் கை நீட்டினாள். நீட்டிய கையை இழுத்து உதட்டைச் சொறிந்தாள்.

"ஆன்ட்டி, வாய் அரிக்குது."

மேலுதடு வீங்கியிருந்தது. கழுத்தில் சிவப்புத் தடிப்புகள். ஜெயமதி பதறிப்போய்ப் பொதிகளைத் திரும்ப வாசித்தாள். எல்லாம் சரிதான். பிறகு அவள் கண் அந்தப் போத்தலில் விழுந்தது. அதன் மேல் ஒட்டிய தாளில் ஒரு கைப்பிடி எள்ளைப் படமாகப் போட்டிருந்தார்கள்.

எள்ளை அலுமாரிக்கு ஏற்றியவள், அதன் எண்ணெயைக் கையெட்டும் இடத்திலேயே விட்டிருக்கிறாள்.

பார்கவியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"புள்ள, தன்விக்குக் கழுத்தில தடிச்சிருக்கு. உதடும் கொஞ்சம்..."

"என்ன சாப்பிட்டா ஆன்ட்டி? எள்ளு, கடலை எதுவும் படலையே?"

ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சுக்குள் ஜெயமதி இனி வரப்போகும் சனிக்கிழமைகளைப் பார்த்தாள். மணி அடிக்காத வாசல். ஒருவருக்கு மட்டும் போட்ட கோப்பை. 'சாப்பிட்டீங்களா அம்மா.'

"இல்ல... நீங்க வேணாம் எண்டு சொன்ன சாமான் ஒண்டும் குடுக்கேல்ல."

"அப்போ குளிருக்குத் தடிச்சிருக்கும். புதன்கிழமைகூட வந்துச்சு. பையில அலர்ஜி சிரப் இருக்கு, அஞ்சு எம்எல் குடுங்க. நான் கிளம்பி வந்துட்டிருக்கேன்."

சிரப்பைக் கொடுத்தாள். முகத்தைக் கழுவிவிட்டாள். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிள்ளை இருமத் தொடங்கியது. இருமலுக்கு நடுவில் விசில் போல ஒரு சத்தம். சிரித்துக்கொண்டிருந்த முகம் வெளுத்து, தலை அவள் தோளில் சாய்ந்தது. சுவரிலிருந்த மணிக்கூட்டில் நான்கு நிமிடங்கள் போயிருந்தன.

ஜெயமதி மறுபடி அழைத்தாள். இந்த முறை கத்தினாள்.

"எள்ளெண்ணெய் புள்ள! கையில பூசி உருட்டின நான்! நான் பொய் சொல்லிட்டன்!"

மறுமுனையில் பார்கவியும் கத்தினாள். "பேனாவைக் குத்துங்க! தொடையில! நீல மூடியக் கழட்டுங்க, ஆரஞ்சு முனை கீழ! அழுத்திப் பிடிங்க! குத்திட்டு 911 அடிங்க!"

பலகாரம் பிடித்த அந்தக் கை சிறு தொடையில் ஊசியை அழுத்திப் பிடித்தது; பிறகு 911 அடித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. என்ன சாப்பிட்டாள் என்று அவர்கள் கேட்டதற்கு, தெரிந்த பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் சேர்த்துச் சொல்லி, எண்ணெய்ப் போத்தலையே தூக்கிக் காட்டினாள்.

பிள்ளை பிழைத்தது. மாலையில் கண் திறந்து, தாயிடம் ஐஸ்கிரீம் கேட்டதாம். ஜெயமதி அதை ஆஸ்பத்திரி அறைக் கதவுக்கு வெளியே நின்றுதான் அறிந்தாள். ராகவ் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போனான். பார்கவி மட்டும் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எண்ணெய் பூசினதுக்கு எனக்குக் கோபம் இல்ல ஆன்ட்டி. நானே மறந்து போய் ஒரு தடவை அப்படிப் பண்ணியிருக்கேன்." அவள் குரல் உடைந்தது. "அந்த நாலு நிமிஷம்தான். குளிர்னு நானும் நம்பிட்டேன். நீங்க சொல்லியிருந்தா முதல் நிமிஷத்துலயே ஊசி போட்டிருப்போம். அதை எப்படி மறக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

ஜெயமதி மெட்ரோ பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்து, மேசையிலிருந்த உருண்டைகளைக் குப்பையில் கொட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை மணி அடிக்கவில்லை. அதற்கடுத்ததும் அடிக்கவில்லை. அதைத் தொடர்ந்த திங்கட்கிழமை, சலவை மேசையில் படுக்கை விரிப்புக்கு ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி ஜெயமதி நடந்ததையெல்லாம் சொல்ல, றோஸ்மேரி கேட்டாள்.

"உனக்கேன்டி இந்த வேலை? குளிர் எண்டு தாயே சொல்லிப்போட்டாள்தானே? பேசாம இருந்திருந்தா ஆருக்குத் தெரியப்போகுது? இப்ப பாரு, பிள்ளையும் இல்ல, பேரும் கெட்டுப்போச்சு."

ஜெயமதி தன் முனையை இறுக்கிப் பிடித்தாள்.

"பேசாம இருந்திருந்தா அந்தப் பிள்ளை செத்துப்போயிருக்கும், றோஸ். நீயும் நானும் இங்க நிண்டு 'எங்கட ஆக்களுக்கு இந்த நோயெல்லாம் வராது' எண்டு சிரிச்சமே, அந்தச் சிரிப்புத்தான் எண்ணெய் விசயத்தில என்னைக் கவனமில்லாம வச்சது. பிறகு பயம் என்னை ஊமையாக்கிப்போட்டுது. நான் தனிச்சுப்போவன் எண்டு பயந்தன். பிள்ளைக்கு மூச்சு நிண்டிடும் எண்டு பயப்படேல்ல."

"சரி சரி, விடு. பிழை ஆருக்கும் வாறதுதானே."

"பிழை வரும். ஆனா அடுத்தவன்ட பிள்ளைக்கு ஒரு வாய் குடுத்தா, அதில என்ன கிடக்கு எண்டு உள்ளபடி சொல்ல வேணும். பிழையாக் குடுத்திட்டா, வாய் திறந்து உடன சொல்ல வேணும். வெக்கம் பாக்கிற ஒவ்வொரு நிமிசமும் அந்தப் பிள்ளையின்ட மூச்சில இருந்துதான் போகுது."

இருவரும் விரிப்பை உதறி, நடுவில் வந்து முனைகளைச் சேர்த்தார்கள்.