ஒரு நிமிஷ விதி

வாய் பேச முடியாதவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு செயலி இருக்கிறது. எழுதி அனுப்பினால் போதும். உள்ளே வருகிறவரை வரிசையில் நிறுத்தி, சும்மா இருக்கிற பணியாளரோடு கோத்துவிடுவது பின்னால் ஓடுகிற சர்வர். அதை மாடாய் உழைத்துக் கட்டியவனுக்கு ஆபீஸில் பேரே 'சர்வர்'தான்.

அவனுடைய அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. நாற்பது வருஷம் அலுவலகக் கடிதம் எழுதிய மனுஷர். எதையும் முதலில் தாளில் வரைவு போட்டு, அடித்துத் திருத்தி, அப்புறம்தான் போனில் ஏற்றுவார்.

"சாதம் வைக்கவான்னு கேட்டாக்கூட மனு போடுறீங்களேப்பா!" என்று அவன் சிரிப்பான். "வேலை நேரத்துல எனக்கு அனுப்பாதீங்க. ஏதாவதுன்னா நம்ம செயலியிலயே எழுதுங்க, நிமிஷத்துல வந்துருவாங்க."

திங்கட்கிழமை மேலாளர் கத்தினார். "செயலியைத் திறந்து வச்சிட்டு ஒண்ணுமே எழுத மாட்டேங்கிறானுங்க. பின்னால நிக்கிறவன் சாகணுமா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஒரு நிமிஷத்துக்குள் எதுவும் வராவிட்டால் இணைப்பை வெட்டு, அடுத்தவரைச் சேர் என்று விதி எழுதினான். தானே சோதித்தும் பார்த்தான், நாலு நொடியில் ஒரு வரி அனுப்பினான். பிரமாதம், வரிசை சரசரவென்று காலியானது. அடப்பாவி, உன் விரலை வைத்தா ஊரை அளந்தாய்?

புதன்கிழமை காலை பக்கத்து வீட்டக்கா போன் பண்ணினார். "தம்பி, உடனே வாப்பா. அப்பா அசையவே மாட்டேங்கிறார்."

அப்பா நாற்காலியிலேயே போய்விட்டிருந்தார். மடியில் போன் கிடந்தது. அவன் தன் போனில் சர்வர் பதிவைத் திறந்தான். அப்பாவின் எண்ணிலிருந்து மூன்று இணைப்பு. மூன்றும் சரியாக ஒரு நிமிஷம். 'எழுதவில்லை, வெட்டப்பட்டது.'

மேஜையில் தாள் இருந்தது. முதல் வரைவு: 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இன்று காலை முதல் எனக்கு நெஞ்சில் வலி இருப்பதால் தாங்கள்...' அதை அடித்திருந்தார். அடுத்தது: 'ஐயா, வணக்கம். எனக்கு நெஞ்சு வலி. தயவுசெய்து...' அதையும் அடித்திருந்தார்.

"நான்தாம்பா வெட்டினேன், நான்தான்" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பக்கத்து வீட்டக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசி வரி கோணல்மாணலாக இருந்தது. வணக்கம் போயிருந்தது, தயவுசெய்து போயிருந்தது. 'ஐயா, நெஞ்சு' என்பதோடு நின்றிருந்தது. ஐயாவை மட்டும் விட அவருக்கு மனசு வரவில்லை.