மூன்று நாள் காய்ச்சல்

அப்துல் ரவூப் கேட்டது பெரிய காரியமல்ல. ஐந்து நிமிடத் தொழுகை. ருக்கூ என்று குனிவது கிடையாது, சஜ்தா என்று நெற்றியைத் தரையில் வைப்பது கிடையாது, நின்றபடி நான்கு தக்பீர் சொன்னால் போதும். மய்யித்து, அதாவது இறந்தவர் உடல், கண்முன் இல்லாவிட்டாலும் தொழலாம். காயிப் ஜனாஸா என்று அதற்குப் பேர். கடலுக்கு அப்பால் யாராவது மௌத்தானால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பபேடான் பள்ளிவாசலில் அதைத் தொழுவது இந்தத் தமிழ் ஜமாஅத்தின் பழக்கம். யார் யார் பாட்டனுக்கெல்லாமோ தொழுதிருக்கிறார் ரவூப். தான் பெற்ற மகனுக்குத்தான் ஐந்து மாதமாக முடியவில்லை.

மே மாதம் நியாஸ் கைலிக் கட்டுகளோடு வடக்கே ஒரு ஊருக்கு வியாபாரத்துக்குப் போனான். ஊர்ப் பெயரைச் சொல்லி என்ன கிழிக்கப்போகிறோம்? அங்கே கலவரமே நடக்கவில்லை, ஒரு காக்கை கூடச் சாகவில்லை என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கோ ஆப்கானிஸ்தானில் புத்தர் சிலையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். புத்தரைக் கும்பிடும் இந்த நாட்டில் பேரில்லாத துண்டுத்தாள் ஒன்று வீடு வீடாக வந்தது: உங்கள் பெண்களைக் கட்டிக்கொண்டு நாட்டையே விழுங்கப்போகிறார்கள் என்று. அதை அச்சடித்தவன் நிம்மதியாகத்தான் இருப்பான். செத்தது கைலி விற்கப் போன பிள்ளை. லாரி ஓட்டும் சிவராஜ் கண்ணால் பார்த்தவன். ரவூபின் கடைக்கு வந்து, ஊற்றி வைத்த டீயைத் தொடாமல், "பள்ளிவாசல் வாசல்லயே அடிச்சுப் போட்டாங்க பாய். முனிசிபல் வண்டில அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லி அழுதான்.

அன்றிலிருந்து மனைவி நூருன்னிசாவுக்கு ஒரே பேச்சு. "தொழ வெச்சீங்களா?" சோற்றுக்கு முன்னும் அதுதான், பின்னும் அதுதான். பிள்ளையை வெயிலில் நிறுத்திவிட்டு நாம் நிழலில் உட்கார்ந்திருக்கிறோம் என்பாள்.

அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் குண்டு விழ ஆரம்பித்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ரவூப் எழுந்து நின்று, வாய்விட்டுக் கேட்டார்.

முதலில் எழுந்தவன் வாஜித். வெளிநாட்டில் ஓதிவிட்டு வந்தவன். நாலு பேர் எப்போதும் அவன் கூடவே நிற்பார்கள். "நியாஸ் ஷஹீது, சாச்சா. மார்க்கத்துக்காக உயிர் குடுத்தவன். அங்க குண்டுல சாகறவங்களும் ஷஹீது, இவனும் ஷஹீது. போர்ல செத்த ஷஹீதுக்கு நம்ம மத்ஹபு சட்டத்துல ஜனாஸா தொழுகை கெடையாது."

"அவன் எந்தப் போருக்குடா போனான்? கைலி வித்தான்டா!" ரவூப் கத்தினார்.

பள்ளிவாசல் நிர்வாகி சின்னத்தம்பி ராவுத்தர் ஓடி வந்தார். "மெதுவா, மெதுவா! பின்வரிசையில உளவுக்காரன் ஒக்காந்திருக்கான். நேத்தே என்னைய வார்டு ஆபீஸ்ல கூப்பிட்டு எச்சரிச்சு அனுப்பினாங்க. அடிச்சுக் கொன்னாங்கன்னு நாம மைக்கில சொன்னா, நாளைக்கு இந்தக் கதவுல பூட்டுத் தொங்கும். காணாமப் போயிட்டான்னு வெச்சுக்குங்களேன் பாய்."

"காணாமப் போனவனுக்குத் தொழலாமா?"

"தொழ முடியாதுதான்."

அதற்குள் சபை இரண்டாகிவிட்டது. சிலையை உடைத்தவர்கள்தான் நம் தலையிலும் நெருப்பை அள்ளிப் போட்டார்கள், அவர்களுக்கு நன்றாக வேண்டும் என்றார் ஒருவர். குண்டில் செத்த பச்சைக் குழந்தையா சிலையை உடைத்தது என்று இன்னொருவர் அவர் சட்டையைப் பிடித்தார். நீ காஃபிருக்குப் பயந்தவன் என்றான் வாஜித், முதலில் பேசியவரிடம். உன்னால் நாங்கள் எல்லோரும் சாகப்போகிறோம் என்றார்கள் அவனிடம். ஆயிரம் மைல் தள்ளிச் செத்தவர்களுக்காக அடித்துக்கொண்டார்கள். நியாஸின் பெயரை ஒருத்தன் எடுக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் ரவூப் கைகட்டி நின்றார்.

தொழுகை நடத்தும் வயதான ஹஜ்ரத் மட்டும், "அநியாயமா அடிச்சுக் கொல்லப்பட்டவனுக்குத் தொழுவிச்சுத்தான் ஆகணும்" என்றார். சொல்லிவிட்டு ராவுத்தர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

ராவுத்தர் ரவூபைச் செருப்பு வைக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "மலேரியான்னு சொல்லுங்க. மூணு நாள் காய்ச்சல், அங்கேயே அடக்கம். இப்பவே தொழுதிடலாம்."

ரவூபுக்கு ராவுத்தரை அறையக் கை துறுதுறுத்தது. வீட்டுக்குப் போனால் நூருன்னிசா கேட்பாள் என்ற நினைப்பு வந்தது. "சரி" என்றார்.

தகப்பன்தான் சொல்ல வேண்டும் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "என் மகன் நியாஸ்... மலேரியா. மூணு நாள் காய்ச்சல். மௌத்தாயிட்டான்." வாஜித்தும் அவன் ஆட்களும் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள், சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் உட்பட, தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். நான்கு தக்பீர். முடிந்ததும் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்து, "பொல்லாத காய்ச்சல் பாய்" என்றார்கள். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீடு பள்ளிவாசலுக்குப் பின்சந்துதான். "தொழுதாச்சு" என்றார் உள்ளே நுழையும்போதே.

"ஸ்பீக்கர்ல கேட்டுச்சு." நூருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் புள்ளைக்கு என்னைக்குங்க மலேரியா வந்துச்சு?"

இருவரும் அழுதார்கள். ஐந்து மாதத்தில் ஒன்றாக உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஒருவர் கடைக்கு வந்தார். பெயர் அய்யூப் என்றும் அலோன் படகுத்துறையில் மூட்டை தூக்குவதாகவும் சொன்னார். கடையில் வேறு யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார். தம்பிகள் இரண்டு பேர், அதே ஊர், அதே நாள்.

"பாய், எத்தனை நாள் காய்ச்சல்னு சொன்னீங்க?"

"மூணு."

அய்யூப் தலையாட்டினார். போகவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒண்ணா மலேரியான்னா, ஒத்துக்குவாங்களா பாய்?"

அப்துல் ரவூப் கடை வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சின்னவருக்கு வயித்துப்போக்குன்னு சொல்லிடுங்க" என்றார்.